ஒரே சீட்டில் இரண்டு பெயர்

திருமழிசை தொழிற்பேட்டையில் உள்ள அந்த ரப்பர் கம்பெனியில், லீவு வேண்டும் என்றால் ஆளுக்கொரு சீட்டு எழுதித் தர வேண்டும். மஹ்ஜபீனும் நாகம்மாவும் மட்டும் எட்டு வருஷமாக ஒரே சீட்டில் இரண்டு பெயரையும் எழுதித் தந்தார்கள். எழுதுவது மஹ்ஜபீன். அஞ்சாம் கிளாஸோடு படிப்பு நின்றாலும் அவள் எழுத்து குண்டு குண்டாக, அழகாக இருக்கும். நாகம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "எம் பேர மொதல்ல போடுக்கா" என்பாள். மஹ்ஜபீன் சிரித்துக்கொண்டே அப்படியே போடுவாள்.

சீட்டை வாங்கும்போதெல்லாம் மேனேஜர் வேலுசாமி தலையில் அடித்துக்கொள்வார்.

"புருசன் பொண்டாட்டி கூட இப்டி ஒத்துமையா லீவு போட மாட்டாங்கம்மா. இதுல யாருக்குக் காய்ச்சல், யாரு தொணை?"

"ஒருத்திக்கு ஒடம்பு சுட்டா இன்னொருத்திக்கும் சுடும் சார். எங்க ஒடம்பு அப்டி," என்பாள் நாகம்மா.

வண்டிகளின் பிரேக்கில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையங்கள்தான் அங்கே செய்வது. அச்சிலிருந்து வரும் வளையத்தின் ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவ வேண்டும். பிறகு வளையத்தை இரண்டு விரலில் மாட்டி இழுத்து, உள்பக்கம் வெடிப்பு இருக்கிறதா, வேகாத இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நீள மேஜையில் ஆறு பெண்கள். மஹ்ஜபீனுக்கும் நாகம்மாவுக்கும் ஜன்னல் ஓர நாற்காலிகள்.

மஹ்ஜபீன் பிஸ்மில்லா சொல்லித்தான் முதல் வளையத்தை எடுப்பாள். "இது எந்த வண்டியில போவப் போவுதோ, அதுல யாரு பெத்த புள்ள ஒக்காந்திருக்கோ" என்று நினைத்து நினைத்துப் பார்ப்பாள். அவள் விரலில் மாட்டி இழுத்தால் மயிரிழை வெடிப்பும் வாய் திறந்துவிடும். ஆனால் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிப்போய், கத்தி பிடிக்க முடிவதில்லை. நாகம்மாவுக்கோ கத்தி பூ கட்டுகிற மாதிரி ஓடும். அதனால் மஹ்ஜபீனின் பங்குப் பிசிறையும் அவளே சீவித் தந்துவிடுவாள். சீவி, பார்த்து முடித்த தன் தட்டை மஹ்ஜபீன் பக்கம் நகர்த்துவாள். மஹ்ஜபீன் அதை இன்னொரு தடவை பார்த்துப் பையில் போடுவாள். யார் யாருக்கு உபகாரம் செய்கிறார்கள் என்று இருவரும் யோசித்தது கிடையாது. கைக்குக் கை, அவ்வளவுதான்.

மஹ்ஜபீனின் மகளுக்கு ஆவடியில் பிரசவம் ஆனபோது, நாகம்மாவும் நாலு நாள் லீவு போட்டுக் கூட வந்து, பிறந்த பேத்திக்கு மருந்து உரசிக் கொடுத்தாள். ரமலான் கடைசிப் பத்து நாள் மஹ்ஜபீன் லீவு போட்டபோது, அவளும் வீட்டிலேயே இருந்தாள். "நீ இல்லாத டேபிள்ல எனக்குக் கையே ஓடாதுக்கா" என்றாள். மாங்காடு அம்மன் கோயிலுக்கு நாகம்மா வேண்டுதல் என்று போகும் நாட்களில், "நான் இல்லாம நீ மட்டும் வேலைக்குப் போவாதக்கா, எனுக்கு மனசே ஆறாது" என்பாள். மஹ்ஜபீனும் நின்றுவிடுவாள். கூடப் பிறந்தவளைக் கொடுக்காத அல்லாஹ் அந்த இடத்துக்கு இவளைக் கொடுத்தான் என்று தொழுகை முடிந்து கையேந்தும்போது சொல்லிக்கொள்வாள். நாகம்மாவின் பெயரைச் சொல்லித் துவா கேட்காத நாள் இல்லை.

இந்த வருஷம் மாசி மாதம், வேலப்பன்சாவடி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்துகிற சுதா என்ற ஆசிரியை கம்பெனிக்கு வந்தார். கஸ்டமரிடமிருந்து திரும்பி வருகிற கெட்ட வளையங்கள் அதிகமாகிவிட்டன, காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று முதலாளி அவரை அழைத்திருந்தார். ஒவ்வொரு பையிலும் தேதி இருக்கும். எந்தத் தேதிப் பையிலிருந்து எத்தனை திரும்பியது, அன்று மேஜையில் யார் யார் இருந்தார்கள் என்று ஒன்றரை வருஷத்து வருகைப் பதிவேட்டை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

பங்குனியில் ஒரு நாள், கைரேகை வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு பெயர், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு எண்.

"எம் பேரு எங்கக்கா கீது?" என்று நாகம்மா தாளுக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். "இந்த லைட்டு ஒண்ணு, எரியுதா இல்லியான்னே தெரியல."

"மொதல்ல இருக்குடி. அறுவத்தொண்ணு போட்டிருக்கு." மஹ்ஜபீன் தன் பெயரைத் தேடினாள். கடைசியில் இருந்தது. பத்தொன்பது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. மை தவறி இழுத்த கோடாக இருக்கும் என்று நினைத்தாள்.

வேலுசாமி கூப்பிட்டு விளக்கினார். "அந்த ஆள் வேலைக்கு வந்தா, வராத நாளை விட எத்தினி கெட்ட பீஸ் கொறையுதுன்னு கணக்கும்மா. நாகம்மா வந்தா அறுபத்தொண்ணு கொறையுது. உங்களுக்கு மைனஸ். நீங்க வந்தா பத்தொம்போது கூடுது."

"நான் வந்தா கூடுதா சார்?"

"நானா சொல்றேன்? கம்ப்யூட்டர் சொல்லுதும்மா. ஒண்ணாந்தேதிலருந்து நாகம்மா லைன் லீடர். கடைசி ரெண்டு பேரு காண்ட்ராக்ட்ல பேக்கிங்குக்குப் போகணும். மொதலாளி முடிவு பண்ணிட்டாரு."

மஹ்ஜபீனுக்கு முதலில் ஞாபகம் வந்தது ஈ.எஸ்.ஐ. கார்டுதான். அவள் கணவர் யூசுப்புக்குச் சர்க்கரை. இன்சுலின் ஊசி அந்தக் கார்டில்தான் வருகிறது. காண்ட்ராக்டரிடம் போனால் கார்டு நிலைக்குமா என்பது காண்ட்ராக்டரின் மனசைப் பொறுத்தது. இரண்டாவதாக ஞாபகம் வந்ததுதான் அதிகமாக வலித்தது. எட்டு வருஷம் பிஸ்மில்லா சொல்லிப் பார்த்த கை, கெட்டதைக் கூட்டுகிற கையா?

பஸ்ஸில் நாகம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழாதக்கா. மிஷினு சொல்றதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ மேனேஜர் கிட்ட ஒரு வார்த்த சொல்லேன் நாகு. ஒன் தட்ட ரெண்டாவது தபா பாக்குறது நாந்தான்னு. நீ சொன்னா நம்புவாரு."

"சொல்றேன்க்கா. சொல்லாம இருப்பனா?"

ஒரு வாரம் ஆனது. "சொன்னியாடி?" என்று கேட்டால், "அவரு மூடு சரியில்லக்கா" என்றாள். "மொதலாளி கூட நின்னுகினு இருந்தாரு" என்றாள். மூன்றாவது தடவை மஹ்ஜபீன் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் பர்மிஷன் கேட்டு, மதியம் லுஹர் தொழுதுவிட்டு, பூந்தமல்லியில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்து சுதாவின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாள். கேட்டில் செக்யூரிட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, "கணக்கு போடுற மேடம்" என்றாள். அங்கே கணக்கு போடுகிற மேடம் பதினோரு பேர் இருந்தார்கள்.

சுதா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மொதல் பக்கத்த மட்டும் ஒட்டிட்டாங்களா? ரெண்டாவது பக்கத்துல எழுதியிருந்தேனேம்மா!" கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க. நானூத்தம்பது வேலை நாள். அதுல நானூத்து நாப்பத்தேழு நாள், வந்தா ரெண்டு பேரும் வந்திருக்கீங்க, இல்லன்னா ரெண்டு பேருமே இல்ல. கணக்குக்கு நீங்க ரெண்டு ஆளாவே தெரியல. ஒரே ஆளாத்தான் தெரியறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா நாப்பத்திரெண்டு கொறையுது, அது உறுதி. அத ஆளுக்கு எவ்ளோன்னு பிரிக்கச் சொன்னா அது தடுமாறுது. அறுபத்தொண்ணுலருந்து பத்தொம்போத கழிச்சாலும் நாப்பத்திரெண்டுதான். ஆளுக்கு இருபத்தொண்ணுன்னு பிரிச்சாலும் நாப்பத்திரெண்டுதான்."

மஹ்ஜபீன் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தாள். "நாங்க கறிக்கு இஞ்சியும் பூண்டும் சேத்தே அரச்சி வெச்சிருப்போம். என்னிக்கும் அந்த விழுதுதான் போடுவோம். மணம் இஞ்சியால வந்துதா பூண்டால வந்துதான்னு கேட்டா, நாக்கு இன்னா சொல்லும்? அப்டியா மேடம்?"

"அதேதாம்மா! க்ளாஸ்ல இனிமே அதையே சொல்றேன்."

"அப்ப எனுக்கு மட்டும் ஏன் அந்தக் கோடு?"

"பிரிஞ்சிருந்த மூணு நாளால. கார்த்திகை மழைல, மூணு நாள் நீங்க மட்டும் வந்திருக்கீங்க."

அந்த மூன்று நாளும் மஹ்ஜபீனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாங்காட்டில் நாகம்மா தெருவில் முழங்கால் தண்ணீர். இவள் மட்டும் வந்தாள். கரண்ட் நிமிஷத்துக்கு நிமிஷம் போய் வந்தது, அச்சு சூடாகவே இல்லை. ரப்பர் அரைவேக்காடாக வந்தது. கூடை கூடையாகக் கழித்தாள். ஆனால் அரைவேக்காடு அன்றைக்கே வெடிப்பதில்லை, நாலு நாள் கழித்துத்தான் வெடிக்கும்.

"அந்த மூணு நாள் கெட்டுப்போன பீஸெல்லாம் உங்க தலைல விழுந்து, அதுக்கு ஈடா நாகம்மாவுக்கு ஏறிடுச்சு. யாராச்சும் ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் வேலை செஞ்ச சாதாரண நாள் கொஞ்சம் இருந்தா போதும், பிரிச்சிடலாம்." சுதா தயங்கினார். "அதான் நான் நாகம்மாவக் கேட்டேன். ரெண்டு பேருல செக்கிங் யாரு பாக்குறீங்க, கொஞ்ச நாள் தனித்தனியா வர முடியுமான்னு. அவங்கதான், அதெல்லாம் வேணாம், செக்கிங் முழுக்க நாந்தான் பாக்குறேன், அந்தக்கா வெறும் ஒதவிக்குன்னு சொன்னாங்க. அதனால நானும் மேல கேக்கல."

"எப்போ மேடம் சொல்லிச்சு?"

"தாள் ஒட்டறதுக்கு முந்தின வாரம். நீங்க டேபிள்ல இல்ல. தொழுகைக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க."

மஹ்ஜபீன் தண்ணீர் டம்ளரை மேஜையில் வைத்தாள். ஸ்டோர் ரூம் மூலையில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்து, அவள் அன்றைக்கும் நாகம்மாவின் பெயரைச் சொல்லித்தான் கையேந்தியிருப்பாள்.

மறுநாள் பஸ்ஸில் நாகம்மா எப்போதும் போலப் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். மஹ்ஜபீன் உட்கார்ந்தாள். கோபப்படத் தெரியாதவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, வழியில் வரும் கடைப் பெயர்களைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

சுதா போன் செய்து பேசியதில் வேலுசாமி இறங்கி வந்தார். அவருக்கும் கெட்ட பீஸ் குறைந்தால் சரிதான். இரண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி மஹ்ஜபீன் மட்டும். செவ்வாய், வியாழன், சனி நாகம்மா மட்டும் என்று சொல்லிவிட்டார்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்றாள் நாகம்மா. முகம் வெளுத்திருந்தது. "நம்மள பிரிக்கப் பாக்குறானுங்க. நீயும் தலையாட்டிகினு வர்ற."

மஹ்ஜபீன் தன் ஆறு நாளும் போனாள். விரல் வலித்தாலும் தானே சீவினாள். தட்டு குறைந்தது, ஆனால் ஒவ்வொரு வளையத்தையும் இழுத்துப் பார்த்தாள்.

நாகம்மா முதல் செவ்வாய் வரவில்லை. காய்ச்சல் என்றாள். வியாழனும் காய்ச்சல். சனிக்கிழமை தங்கை வீட்டில் காதுகுத்து. அடுத்த செவ்வாய் மறுபடி காய்ச்சல். வேலுசாமி இதைச் சொன்னபோது, அத்தனை நடந்த பிறகும், மஹ்ஜபீனுக்கு முதலில் வந்தது கவலைதான். வியாழக்கிழமை கஞ்சி காய்ச்சி டப்பாவில் ஊற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் மாங்காட்டுக்குப் போனாள்.

நாகம்மா வாசல்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் தானாக ஓடின, பார்வை தெருவில் இருந்தது. மஹ்ஜபீன் கேட்டைத் தள்ளி உள்ளே வந்து நாலு அடி தள்ளி நிற்கும்வரை, அந்தப் பார்வை மாறவில்லை.

"யாரு?" என்றாள் நாகம்மா.

மஹ்ஜபீன் குனிந்து டப்பாவைக் கீழே வைத்தாள். குலுங்கிய வளையல் சத்தத்தில்தான் நாகம்மா அடையாளம் கண்டாள்.

"அக்காவா? வாக்கா. இப்பத்தான் காச்சல் விட்டுச்சு…"

"எத்தினி நாளா கண்ணு தெரியல?"

பூச்சரம் மடியில் விழுந்தது. அதைத் தடவி எடுத்துக்கொண்டே, "மூணு வருஷமாச்சுக்கா" என்றாள். "புரைன்னாங்க. கிட்டத்துல இருக்கறது கூட பொகையா கீது. கத்திய ஓட்டிடுவேன், அது கைக்கே தெரியும். வெடிப்பு தெரியாது. பாக்குற மாதிரி பாத்துட்டு ஒன் பக்கம் தள்ளுவேன்."

"அதான் நான் லீவு போட்டா நீயும் போட்டியா?"

"நீ இல்லாம நான் ஒரு நாள் ஒக்காந்தா, அன்னிக்கே தெரிஞ்சி போவும்ல."

"நீ லீவு போட்டா என்னையும் நிக்கச் சொன்னியே?"

"நீ மட்டும் ஒக்காந்து, கணக்கு நல்லா வந்துட்டா? அப்பறம் நான் எதுக்குன்னு கேட்டுடுவாங்க இல்ல?"

அவள் மறைக்காமல் சொன்னதுதான் மஹ்ஜபீனை அதிகமாக அடித்தது. பிரசவ வீட்டில் உட்கார்ந்த நாலு நாள், ரமலானின் பத்து நாள், 'கையே ஓடாதுக்கா' என்ற அந்த வார்த்தை, எல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

"அப்ப பாசம்னு நான் நெனச்சதெல்லாம்?"

"அதுவுந்தான்க்கா!" நாகம்மா அழுதாள். "சத்தியமா அதுவுந்தான். ஒன் மேல ஆசையில்லாமலா ஒன் பேத்திக்கு மருந்து ஒரசிக் குடுத்தேன்?"

இருக்கலாம். ஆசையும் பயமும் மூன்று வருஷமாக ஒன்றாகவே பஸ் ஏறி, ஒன்றாகவே இறங்கியிருக்கின்றன. எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த மேடத்தாலும் ஆகாது. நாகம்மாவாலேயே ஆகாது என்று மஹ்ஜபீனுக்குத் தோன்றியது. ஆனால் ஒன்று மட்டும் தனியாக வந்தது. தான் தொழுகையில் இருந்த நேரத்தில் சொன்ன அந்த வார்த்தை. அன்று பயம் மட்டும்தான் பேசியது. ஆசை கூட வரவில்லை.

"அது பிரேக்குல போற சாமான் நாகு," என்றாள் மெதுவாக. "என் கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா, நான் பாத்துக் குடுத்திருக்க மாட்டேனா? மேனேஜர் கிட்ட நீயே போய் சொல்லு. பிசிறு மட்டும் சீவுறேன்னு கேளு. கார்டு கீது இல்ல, ஆபரேசன் பண்ணிக்கோ. நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்க்கா," என்றாள் நாகம்மா.

பஸ்ஸில் சொன்ன அதே 'சொல்றேன்க்கா'.

வைகாசியில் சுதாவின் புதுத் தாள் வந்தது. மஹ்ஜபீன் தனியாக இருந்த ஆறு நாளில், அவள் பையிலிருந்து திரும்பி வந்தவை மிகக் குறைவு. அவளுடைய நாற்காலியும் கார்டும் நிலைத்தன. லைன் லீடர் வேலை யாருக்கும் இல்லை என்று ஆனது. நாகம்மா பெயருக்கு நேராக எண் இல்லை, 'தனியாக வந்த நாள் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"அடுத்த தபா மஹ்ஜபீன் லீவு போடறப்ப நீ வந்தே ஆகணும்," என்று வேலுசாமி நாகம்மாவிடம் சொன்னார். "வரலன்னா காண்ட்ராக்ட்தான்."

நாகம்மா இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தட்டை இன்னும் இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டுதான் இருந்தாள். மஹ்ஜபீனும் அதை வாங்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துப் பையில் போட்டாள். அது நாகம்மாவுக்காக அல்ல. டீ நேரத்தில் மட்டும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் போய்விடுவாள். பஸ்ஸில் முன்பக்கம் நின்றுகொண்டே வருவாள்.

பக்ரீத் நெருங்கியது. மஹ்ஜபீனுக்கு இரண்டு நாள் லீவு வேண்டியிருந்தது. சாப்பாட்டு வேளையில் மஹ்ஜபீன் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தபோது, நாகம்மா நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எம் பேரையும் எழுதுக்கா. இந்த ஒரு தபா. கடைசியா போட்டா கூட போதும்."

மஹ்ஜபீன் தன் பெயரை எழுதினாள். தேதி போட்டாள். கீழே நிறைய இடம் காலியாக இருந்தது. கை அங்கே போய் நின்றது, எட்டு வருஷப் பழக்கம். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

"மேனேஜர் ரூம்லதான் கீறாரு நாகம்மா. நான் சீட்டு குடுக்கத்தான் போறேன். கூட வர்றதுன்னா வா, வந்து நீயே சொல்லு."

நாகு என்று கூப்பிடாமல் முழுப் பெயரைச் சொன்னது நாகம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்திருப்பதைப் போல மேஜையில் கையை ஊன்றினாள். மஹ்ஜபீன் நின்றாள். மின்விசிறி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுகிற நேரம். நாகம்மாவின் கை கத்தியைத் தடவி எடுத்தது. அடுத்த வளையத்தின் பிசிறைச் சீவ ஆரம்பித்தாள்.

மஹ்ஜபீன் ஒற்றைப் பெயர் எழுதிய சீட்டை மடித்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்கு நடந்தாள். வேலுசாமி அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, பாதிச் சீட்டுதான் இருக்கு?"

"அவ்ளோதான் சார்," என்றாள் மஹ்ஜபீன்.